இருமும் இடம்

"சாமி, ஒரு நாளைக்கு இருநூத்திப் பதினாலு மெயில் வருது. இதை எப்படிக் குறைக்கிறது?"

கேட்டவர் பெயர் கோமதிநாயகம். வயது ஐம்பத்தேழு. சென்னையில் பம்புசெட் செய்யும் ஒரு கம்பெனியில் துணைப் பொது மேலாளர்.

கேட்கப்பட்டவருக்கும் ஐம்பத்தேழுதான். பெயர் மாசிலாமணி. கல்லிடைக்குறிச்சிக்கு வெளியே, கால்வாய்க் கரையில் இருக்கும் கல் மண்டபத்தில் பத்து வருஷமாக இருக்கிறார். காவி கட்டியதில்லை. யாருக்கும் மந்திரம் சொன்னதில்லை. வழியில் போகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார். ஏதாவது கேட்டால் பதில் சொல்வார். அதற்கே ஊர் அவரைச் சாமியாக்கிவிட்டது. அவரும் போனால் போகிறது என்று விட்டுவிட்டார்.

"சாமியா?" என்றார் மாசிலாமணி. "ரூர்கேலாவுல என் சோப்பைத் திருடிக் குளிச்சியே, அப்பச் சாமின்னு தெரியலையோ?"

கோமதிநாயகம் தரையைப் பார்த்தார்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இருவரும் ஒரே அறையில், அடுத்தடுத்த கட்டிலில் படுத்தவர்கள். அப்போது வாடா, போடாதான். இப்போது என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ரயிலேறியதிலிருந்து யோசித்து, தென்காசி தாண்டியபோதுதான் 'சாமி' என்று முடிவு செய்திருந்தார். அந்த முடிவு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"உக்காருடே. எதுக்குக் குறைக்கணும்?"

"நேரமே இல்ல. கண்ணு முழிச்சதும் மெயில். சாப்பிடும்போது மெயில். கார்ல போகும்போது மெயில்."

"இருபது வருஷமா அப்படித்தான இருக்க? இப்ப என்ன புதுசா?"



"அக்கா என்கூடப் பேசமாட்டேங்கறா."

மாசிலாமணி செம்பைக் கீழே வைத்தார்.

"சித்திரை மாசத்துலேர்ந்து. போன் பண்ணினா எடுக்கறா. நல்லாருக்கேன், நீ வேலையப் பாருன்னு வச்சிடறா. என்ன கோபம்னு கேட்டா, கோபமே இல்லைங்கறா. நாலு மாசம் ஆச்சு. எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான். அம்மா முகமே எனக்குத் தெரியாது. அவதான் தலை சீவி, சோறு ஊட்டி..."

"அம்பாசமுத்திரத்துலதான இருக்காங்க? பஸ்ல பத்து நிமிஷம். அங்க போகாம இங்க எதுக்கு வந்த?"

"என்ன தப்பு செஞ்சேன்னே தெரியலையே. தெரியாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? எனக்கு யோசிக்கவே நேரமில்ல. இந்த மெயில் மட்டும் குறைஞ்சா..."

"எத்தன நாள் லீவு?"

"மூணு நாள்."

"சரி. போனை எடு."

எடுத்தார்.

"வாசி."

"என்னத்த?"

"வந்திருக்கற மெயிலத்தான். சத்தமா வாசி. நம்ம மெஸ்ல வாசிப்பமே, அது மாதிரி."

*

அந்த மெஸ்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஒரிசாவில், ரூர்கேலாவில் இரண்டு அறை, எட்டுத் தமிழர்கள். இரும்பு ஆலையில் பயிற்சிக்கு வந்தவர்கள். ஊருக்குப் போக இரண்டு நாள் ரயில். போன் பேச வேண்டுமென்றால் பெரிய தபாலாபீசில் பதிவு செய்துவிட்டு அரை நாள் காத்திருக்க வேண்டும். மிச்சம் இருந்தது கடிதம் ஒன்றுதான்.

தபால்காரர் ஒரு நாளைக்கு ஒரு தடவை, பதினோரு மணிக்கு வருவார். அதற்கு மேல் அவரை எதிர்பார்த்துப் பிரயோஜனமில்லை. அன்றைக்கான ஆசை அதோடு தீர்ந்துவிடும். வேலையைப் பார்க்கலாம்.

சிலருக்குக் கடிதம் வந்தது, சிலருக்கு வரவில்லை. வராதவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தவன் எப்படிச் சாப்பிடுவான்? அதனால் ஒரு வழக்கம் உண்டாயிற்று. அந்த வாரம் வந்த கடிதங்களை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சத்தமாக வாசிக்க வேண்டும். எட்டுப் பேரும் கேட்பார்கள். ஒருவன் வீட்டுப் பசு கன்று போட்டால் எட்டுப் பேருக்கும் சந்தோஷம்.

ரகசியமான வரி வந்தால் என்ன செய்வது? அதற்கும் வழி இருந்தது. வாசிக்கிறவன் ஒரு தடவை இருமிவிட்டு, அந்த வரியைத் தாண்டிப் போகலாம். ஏன் இருமினாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அதைக் கடைசி வரை யாரும் மீறியதில்லை. புதிதாகக் கல்யாணமானவர்கள் காச நோய்க்காரர்களைப் போல இருமித் தள்ளினார்கள்.

இருமாமல் வாசித்தது கோமதிநாயகம் ஒருவர்தான்.

அவருடைய அக்கா உலகம்மாள் வாரம் தவறாமல் எழுதுவாள். நீல நிற இன்லண்ட் கடிதம். ஒட்டுகிற ஓரம் வரை எழுத்து. கடைசி மடிப்பு மட்டும் தம்பிக்கு இல்லை, மெஸ்ஸுக்கு. ஜன்னலோரத்துத் தம்பிக்கு ஜலதோஷம் விட்டதா, சமையல் முறைக்காரத் தம்பி ரசத்தில் இன்னும் மிளகைக் கொட்டுகிறாரா என்று ஒவ்வொருவரையும் விசாரிப்பாள். இருமல் வழக்கத்தைத் தம்பி எழுதியபோது, 'நீ இருமாமல் வாசிக்கிற மாதிரியே நான் எழுதுகிறேன்' என்று பதில் போட்டாள். அப்படியேதான் எழுதினாள்.

மாசிலாமணிக்குக் கடிதம் வந்ததே இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு அநாதை விடுதியில் வளர்ந்தவர். எழுத ஆள் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி மடிப்பில் இருந்தது: 'மாசிலாமணித் தம்பிக்கு. தலைக்கு எண்ணெய் வைக்கவும். வறண்டு கிடப்பதாகக் கோமதி எழுதியிருக்கிறான்.'

மறுநாள் காலை மாசிலாமணி தலையில் எண்ணெய் வழிய வழிய வேலைக்குப் போனார். காதுக்குப் பின்னால் இறங்கிச் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. அன்றைக்கு எட்டுப் பேரும் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் கோமதிநாயகத்துக்கு வயிறு வலிக்கும்.

*

கோமதிநாயகம் முதல் மெயிலை வாசித்தார்.

"மேற்படி விஷயம் தொடர்பாக, கீழே உள்ள மெயிலைப் பார்க்கவும்."

"கீழ பாரு," என்றார் மாசிலாமணி.

"கீழே உள்ள மெயிலைப் பார்க்கவும்."

"இன்னும் கீழ?"

"கீழே உள்ளதைப் பார்த்துத் தங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்."

மண்டபத்துத் தூணில் சாய்ந்து கோயிலுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்த ஆவுடைத்தங்கம் தலையை நிமிர்த்தினாள். "கிணறு மாதிரில்லா போகுது," என்றாள்.

ஏழாவது படியில் தண்ணீர் தட்டியது. மீட்டிங் அறையில் ஏசி ஓடவில்லையாம்.

"ஏசிய நீதான் சரி பண்ணுவியா?"

"இல்ல. எனக்கு சிசி போட்டிருக்காங்க."

"அப்படின்னா?"

"அவர் இன்னொருத்தருக்கு எழுதறாரு. எனக்கு ஒரு காப்பி."

"அவங்க பேசிக்கிடுவாங்க. நீ வாசல்ல நின்னு கேட்டுக்கிடணும். அப்படித்தான?"

கோமதிநாயகம் அடுத்ததற்குப் போனார். மாசிலாமணி விடுவதாக இல்லை. மெஸ்ஸில் கேட்பது போலவே ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டார். எழுதினவர் யார்? எந்த ஊர்? ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறார்? வீட்டில் ஏதாவது பிரச்சினையா?

"தெரியாது."

"எத்தன வருஷமா எழுதுதாரு?"

"பதினாறு வருஷமா."

"பாத்திருக்கியா?"

"போட்டோ பாத்திருக்கேன். மெயில்ல சின்னதா, வட்டமா இருக்கும்."

நடுவில் ஒரு மெயில். மோல்டிங் பிரிவில் ஏழுமலை என்று ஒரு தொழிலாளி. மனைவிக்குப் பிரசவ தேதி நெருங்குகிறது. பத்து நாள் லீவு கேட்டு மூன்று வாரமாகிறது. ஆறு பேர் கை மாறி வந்திருக்கிறது. ஆறு பேரும் 'மேல் நடவடிக்கைக்கு' என்று அடுத்தவருக்குத் தள்ளியிருக்கிறார்கள். ஏழாவது ஆள் கோமதிநாயகம். அவர் அதையும் வாசித்துவிட்டு, அதே குரலில் அடுத்ததற்குப் போய்விட்டார். சட்டசபையில் மசோதா வாசிக்கிற குரல் அது. எதற்கும் ஏறாது, எதற்கும் இறங்காது.

உச்சிப் பொழுதுக்குள் பதினொன்றுதான் வாசிக்க முடிந்தது. தொண்டை வறண்டுவிட்டது. ஆபீசில் இதே நேரத்தில் எண்பது பார்த்திருப்பார்.

டிங் என்றது போன்.

"அது என்ன?"

"புது மெயில்."

டிங். டிங்.

"ரூர்கேலாவுல தபால்காரர் ஒரு நாளைக்கு எத்தன தடவடே வருவாரு?"

"ஒரு தடவை. பதினோரு மணிக்கு."

மாசிலாமணி எழுந்தார். போனை வாங்கினார். மூலையில் கிடந்த காலி செப்புப் பானைக்குள் போட்டு, மேலே ஒரு தட்டை வைத்து மூடினார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு வருவாரு."

சாயங்காலம் வரை பானைக்குள் டிங், டிங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் கோமதிநாயகத்தின் வலது கை தானாக எழுந்து, தானாக இறங்கியது. ஆவுடைத்தங்கம் அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள்.

*

இரண்டாம் நாள் பதினோரு மணி. தட்டு திறந்தது.

வாசிக்க வாயெடுத்தபோது ஆவுடைத்தங்கம் கேட்டாள், "ஐயா, அந்த ஏழுமலைக்கு லீவு கெடச்சுட்டா?"

கோமதிநாயகத்துக்கு ஒரு கணம் யார் என்றே தெரியவில்லை.

"பிரசவத்துக்கு லீவு கேட்டாருல்லா, அவருதான். ராத்திரி பூரா அதே நெனப்பு. அந்தப் பிள்ளைக்கு ஆத்தா அப்பன் பக்கத்துல இருக்காங்களோ என்னவோ."

"அத விடு," என்றார் மாசிலாமணி. "நேத்து வாசிச்சதுல வேற என்ன ஞாபகம் இருக்கு உனக்கு?"

அவள் பூத்தொடுப்பதை நிறுத்தி யோசித்தாள். "கிணறு ஒண்ணு வந்துச்சு. வேற... வேற என்ன வந்துச்சு?"

"உனக்கு?" என்று கோமதிநாயகத்தைக் கேட்டார்.

கோமதிநாயகமும் யோசித்தார். பதினொன்றில் ஒன்பது சுத்தமாக நினைவில்லை. வாசித்த வாய் அவருடையதுதான்.

மாசிலாமணி எழுந்தார். ஒரு செம்பு தண்ணீரை நீட்டினார்.

கோமதிநாயகம் தண்ணீரைக் குடித்தார். மோல்டிங் பிரிவுக்கு போன் போட்டார். "ஏழுமலைய இப்பவே அனுப்புங்க. காகிதம் அப்புறம் பாத்துக்கலாம்," என்றார். ஒன்றரை நிமிஷம் ஆயிற்று. மூன்று வாரமாக ஆறு பேரால் முடியாத காரியம்.

அன்று வந்திருந்தவற்றை அவரே புரட்டினார். "இது வாசிக்க வேண்டாம்." "இது எனக்கில்ல." "இது நான் பார்க்காட்டி, தானே சரியாயிடும்." கடைசியில் வாசிக்கும்படியாக நான்கு தேறியது. நான்குக்கும் உட்கார்ந்து, முழு வாக்கியமாகப் பதில் எழுதினார். மணி பன்னிரண்டு ஆகவில்லை.

போனை அவரே பானைக்குள் போட்டார்.

மதியம் இருவரும் கால்வாயில் குளித்தார்கள். வேண்டுமென்றே மாசிலாமணியின் சோப்பை எடுத்துத் தேய்த்தார் கோமதிநாயகம். படித்துறையில் உட்கார்ந்து மெஸ் கதைகளைப் பேசினார்கள். எட்டுப் பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை. மிளகு ரசக்காரர் எங்கே இருக்கிறாரென்று இருவருக்குமே தெரியவில்லை. இத்தனைக்கும் அவருடைய மெயில் முகவரி கோமதிநாயகத்தின் போனில் இருந்தது. தேடாமல் விட்டதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

"புரிஞ்சுடுச்சுடா மாசிலா," என்றார் தலையைத் துவட்டிக்கொண்டே. 'டா' தானாக வந்துவிட்டது. "ஒரு நாளைக்கு ஒரு தடவை. வாசிக்கத் தகுந்தத மட்டும். இனிமே பொழைச்சுக்குவேன். நாளைக்குக் காலைல கிளம்பட்டுமா?"

"அக்கா?"

தலை துவட்டிய துண்டு நின்றது.

"வந்ததத்தான வாசிச்ச?" என்றார் மாசிலாமணி. "நீ அனுப்பினத என்னைக்கு வாசிப்ப?"

*

மூன்றாம் நாள்.

"அக்கா கடைசியா நல்லாப் பேசினது எப்ப?"

"தமிழ் வருஷப் பிறப்பு அன்னைக்கு. வாழ்த்துச் சொன்னா. நல்லாத்தான் பேசினா."

"அன்னைலேர்ந்து நீ அனுப்பினத வாசி."

கோமதிநாயகம் திறந்தார். ஏப்ரல் பதினைந்து.

"நோட்டட், தேங்க்ஸ்."

"அடுத்தது."

"நோட்டட், தேங்க்ஸ்."

"அடுத்தது."

"நோட்டட், தேங்க்ஸ். நோட்டட், தேங்க்ஸ். நோட்டட், தேங்க்ஸ்."

"என்னய்யா இது," என்றாள் ஆவுடைத்தங்கம், "சாமி பேரச் சொல்லுத மாதிரி சொல்லுதீங்க?"

"குறிச்சுக்கிட்டேன், நன்றின்னு அர்த்தம்," என்றார் கோமதிநாயகம். அவர் போனில் ஒரு வசதி செய்து வைத்திருந்தார். ஆங்கில 'என்' என்ற ஒரே எழுத்தைத் தட்டினால் போதும், இரண்டு சொல்லும் தானே வந்து விழும். கம்பெனியில் இதைப் பார்த்து நாலு பேர் அவரிடம் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். அதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது. "ஒரு நாளைக்கு நாப்பது, அம்பது மெயிலை இதுலயே முடிச்சிடுவேன்."

"எழுதினவன் என்ன சொன்னான்னு பாத்துட்டுத்தான முடிப்ப?"

கோமதிநாயகம் போனைத் துண்டால் துடைத்தார்.

"நீ எந்த மெயிலுக்கு இப்படிப் பதில் போட்டியோ, அதையும் சேத்து வாசி."

வாசித்தார். பம்பு விலைப் பட்டியல் திருத்தப்பட்டது. நோட்டட், தேங்க்ஸ். கணக்குப் பிரிவில் ஒருவர் ஓய்வு பெறுகிறார், இருபத்தெட்டு வருஷம் உங்களோடு வேலை செய்தது பாக்கியம் என்கிறார். நோட்டட், தேங்க்ஸ். விற்பனைப் பிரிவுக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார், நேற்று இரவு அப்பா காலமாகிவிட்டார்.

கோமதிநாயகம் நிறுத்தினார்.

"அதுக்கு?" என்றார் மாசிலாமணி.

"நோட்டட், தேங்க்ஸ்."

ஆவுடைத்தங்கம் கையிலிருந்த பூவைக் கீழே வைத்தாள்.

"அடுத்தது."

ஏப்ரல் பதினெட்டு. நோட்டட், தேங்க்ஸ். அதன் கீழே தமிழ் எழுத்து. நீளமாக. அனுப்பிய முகவரியில் உலகம்மாள் என்ற பெயரும் பின்னால் நான்கு எண்ணும் இருந்தன. அக்கா பிறந்த வருஷம்.

கோமதிநாயகம் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். அக்காவுக்கு மெயில் முகவரி இருப்பதே அவருக்குத் தெரியாது.

"அன்புள்ள தம்பி கோமதிக்கு, அக்கா எழுதுவது," என்று வாசித்தார். இந்தக் குரல் வேறு. முப்பத்தைந்து வருஷமாக வெளியே வராத குரல். "நலம். நலமறிய ஆவல்."

அதற்குப் பிறகு நாலைந்து வரி வாசித்தார். கண் அடுத்த வரிக்கு முன்னதாகப் போய்விட்டது.

அவர் இருமினார்.

தாண்டி அடுத்த வரிக்குப் போனார். அங்கேயும் இருமினார். அதற்கடுத்த வரியிலும். பிறகு தலையைக் குனிந்துகொண்டு இருமிக்கொண்டே இருந்தார்.

"ஐயோ, தண்ணி கொடுங்க சாமி," என்று ஆவுடைத்தங்கம் எழுந்தாள். "அப்படி என்னதான்யா எழுதிருக்கு?"

மாசிலாமணி கையைக் காட்டி அவளை உட்கார வைத்தார். இருமினால் கேட்கக் கூடாது. மெஸ் போய்விட்டது, கட்டில்கள் போய்விட்டன. அந்த வழக்கம் இன்னும் இருந்தது.



பூ மடிப்பதற்காகப் பழைய காலண்டர் தாள்கள் தூணடியில் அடுக்கியிருந்தன. மாசிலாமணி அதில் தேடி ஒரு தாளை உருவினார். வெள்ளைப் பக்கத்தை மேலாக்கி, ஒரு பேனாவையும் சேர்த்து நீட்டினார்.

கோமதிநாயகம் அக்காவின் கடிதத்தை முதல் எழுத்திலிருந்து பார்த்து எழுதினார். இருமிய வரிகளையும் எழுதினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. எழுதி முடித்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். போனைப் பானைக்குள் போட்டார். தட்டை மூடினார்.

"பஸ் எத்தன மணிக்குடா?"

"இப்ப வரும்."

மண்டபத்துப் படியிறங்கும்போதும் பின்னால் பானைக்குள் டிங் என்றது. அவர் கை எழவில்லை.

*

அக்கா அடுக்களை வாசலில் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். இந்த வருஷத்தில்தான் இப்படி ஆகியிருக்க வேண்டும்.

"வா," என்றாள். "லீவா?"

"அக்கா, ஒரு கடுதாசி வந்திருக்கு."

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஏப்ரல் பதினெட்டாம் தேதி."

அரிவாள்மணையில் கை நின்றது. அவள் தம்பியைப் பார்க்கவில்லை.

"அதான் அன்னைக்கே பதில் போட்டுட்டியே."

கோமதிநாயகம் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தாளைப் பிரித்தார்.

"வாசிக்கேன்க்கா."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"'அன்புள்ள தம்பி கோமதிக்கு, அக்கா எழுதுவது. நலம். நலமறிய ஆவல். கடுதாசியெல்லாம் படிக்க நேரமில்லக்கா, மெயில் போடு என்று நீ சொன்னாய் அல்லவா? லைப்ரரியில் வேலை பார்க்கும் பெண்ணிடம் கற்றுக்கொண்டேன். மூன்று வாரம் ஆயிற்று. ழகரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விட்டது. இன்லண்ட் என்றால் மடிப்பு தீர்ந்ததும் முடித்துவிடலாம். இது தீரவே தீராது போலிருக்கிறது. எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.'"

அக்காவின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

"'உங்கள் மெஸ் மாசிலாமணித் தம்பி இங்கே பக்கத்தில்தான் இருக்கிறாராம். போய்ப் பார்க்க வேண்டும். மற்றத் தம்பிகள் எல்லாம் சௌக்கியமா? இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வயிற்றில் ஒரு கட்டி இருக்கிறது. எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். இருபத்தாறாம் தேதி ஆபரேஷன். வீட்டு ஆள் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். நீ போட்டுவிட்டு அன்றைக்கே கிளம்பிவிடலாம். வர முடியுமா, முடியாதா என்று ஒரு வரி எழுது.'"

கோமதிநாயகம் மூக்கை உறிஞ்சினார்.

"கட்டி?"

"எடுத்தாச்சு. சாதாரணக் கட்டிதான். ஒண்ணுமில்ல."

"கையெழுத்து யாருக்கா போட்டா?"

"தம்பிதான் போட்டான்."

"எந்தத் தம்பி?"

"தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னேன்லா? அந்தத் தம்பி."

கோமதிநாயகம் தாளைத் திருப்பினார். மறுபக்கம், மண்டபத்துக் காலண்டரின் ஏப்ரல் மாதம். இருபத்தாறைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தது.

மாசிலாமணி, மூன்று நாள் எதிரே உட்கார்ந்து ஏசி மெயிலைக்கூடப் பொறுமையாகக் கேட்டவன். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மிச்சம் இருக்குல்லா?" என்றாள் அக்கா. "வாசி."

கோமதிநாயகம் தாளை மறுபடி திருப்பினார். அடுத்த வரியைப் பார்த்தார். இருமினார். "'இப்படிக்கு, உன் அன்புள்ள அக்கா...'"

"எதுக்கு இருமுத?"

அவர் நிமிரவில்லை.

"நீ இருமுத மாதிரி நான் என்னைக்குல எழுதிருக்கேன்? ரூர்கேலாவுல இருந்தப்ப ஒரு வரி எழுதிருப்பனா? விட்ட எடத்துலேர்ந்து வாசி. சத்தமா வாசி."

கோமதிநாயகம் வாசித்தார்.

"'எனக்குப் பயமாக இருக்கிறது, கோமதி. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. நீ வந்து பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். இப்படிக்கு, உன் அன்புள்ள அக்கா, உலகம்மாள்.'"

அக்கா அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். நான்கு மாதத்தில் முதல் தடவையாகத் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ம். இப்பப் பதில் சொல்லு."